குடும்ப டாக்டரின் கையெழுத்தை யார் சரிபார்ப்பது? ஹரால்ட் ஷிப்மேன் வழக்கும் இங்கிலாந்தின் புதிய இறப்புச் சான்றிதழ் முறையும்

இங்கிலாந்திலோ வேல்ஸிலோ வீட்டுப் பெரியவர் ஒருவர் காலமாகி, காரியங்களை ஓரிரு நாளில் முடித்துவிடலாம் என்று நினைக்கும் தமிழ்க் குடும்பத்துக்கு 2024 செப்டம்பர் 9-க்குப் பிறகு ஒரு புது அனுபவம் காத்திருக்கிறது. சிகிச்சை பார்த்த டாக்டர் சான்றிதழ் எழுதிக் கொடுத்ததும் நேரே பதிவாளரிடம் போய்விட முடியாது. முன்பின் தெரியாத ஒருவர் போன் செய்வார். இறப்புக்கான காரணமாக டாக்டர் எழுதியிருப்பதை விளக்குவார். பிறகு, "சிகிச்சை பற்றி உங்களுக்கு ஏதாவது மனக்குறை, சந்தேகம் இருக்கிறதா?" என்று கேட்பார். துக்க வீட்டில் இது சிலருக்கு எரிச்சலைத் தரும். தங்களையே சந்தேகப்படுகிறார்களோ என்று சிலருக்குப் பயம்கூட வரும்.

இந்தக் கேள்வியின் பின்னால் இருப்பவர் ஹரால்ட் ஷிப்மேன். மான்செஸ்டர் பக்கத்தில் ஹைட் என்ற சிறிய ஊரில் டாக்டராக இருந்தவர். தன்னை நம்பி வந்த ஏறக்குறைய 250 நோயாளிகளைக் கொன்றவர். அவரைப் பற்றி எழுதுபவர்கள் பெரும்பாலும் அவருடைய மனத்துக்குள் புகுந்து பார்க்க முயல்கிறார்கள். அவரோ கடைசிவரை வாய் திறக்கவில்லை. என்னைக் கேட்டால், இந்த வழக்கில் புரிந்துகொள்ள வேண்டியது அவருடைய மனம் அல்ல. இருபது ஆண்டுகளுக்கும் மேலாக அவரைக் காப்பாற்றியது அலுவலகத்துக் காகிதம்தான். அந்தக் காகிதம் எந்தெந்தக் கைகள் வழியாகப் போனது, ஒவ்வொருவரும் எதைப் பார்த்துக் கையெழுத்துப் போட்டார்கள் என்று பார்த்தால்தான், இன்று அந்தப் போன் ஏன் வருகிறது என்பது விளங்கும்.

## முதலில் சில சொற்கள்

ஜி.பி. என்பது பிரிட்டனின் குடும்ப மருத்துவர். நம் ஊரில் இந்த டாக்டர் சரியில்லை என்றால் அடுத்த தெருவுக்குப் போகிறோம். அங்கே ஒவ்வொருவரும் ஒரு ஜி.பி.யிடம் பெயர் பதிந்திருக்க வேண்டும். மருத்துவக் குறிப்புகள் முழுவதும் அவரிடம்தான் இருக்கும். வயதானவர்களை வீடு தேடி வந்து பார்க்கும் வழக்கமும் அந்தக் காலத்தில் நிறைய இருந்தது.

கரோனர் என்பவர் காரணம் தெரியாத, இயற்கைக்கு மாறான இறப்புகளை விசாரிக்கும் அதிகாரி. இலங்கை வாசகர்களுக்குத் திடீர் மரண விசாரணை அதிகாரி என்ற பதவி பழக்கம். ஏறத்தாழ அதே வேலை. பிரேதப் பரிசோதனைக்கு உத்தரவிடும் அதிகாரம் கரோனருக்கு உண்டு. ஆனால், இறப்பு அவர் காதுக்குப் போனால்தான் அது நடக்கும்.

டயமார்ஃபின் என்பது ஹெராயினின் மருத்துவப் பெயர். பல நாடுகளில் மருந்தாகக்கூட அதற்கு அனுமதி இல்லை. பிரிட்டனில் புற்றுநோய் முற்றியவர்களின் வலிக்கு அதைச் சட்டப்படியே கொடுக்கிறார்கள். அது உடலுக்குள் போனதும் மார்ஃபினாக மாறும். மார்ஃபின், புதைத்த உடலில் நெடுங்காலம் தங்கக்கூடியது. வழக்கின் பிற்பகுதியில் இந்தத் தகவல் முக்கியம்.

தொடர் கொலையாளி என்ற சொல்லுக்கு உலகம் முழுக்க ஒரே வரையறை இல்லை. அமெரிக்காவின் எஃப்.பி.ஐ. 2005-ல் கூட்டிய வல்லுநர் மாநாடு, தனித்தனிச் சம்பவங்களில் இரண்டோ அதற்கு மேலோ கொலை செய்தவர் என்று வகுத்தது. இந்தச் சொல்லைக் கேட்டதும் இருட்டுச் சந்தும் கத்தியும் நம் நினைவுக்கு வருகின்றன. ஷிப்மேன் வந்ததோ பட்டப்பகலில், மருந்துப் பெட்டியோடு, வாசல் மணியை அடித்துவிட்டு.

## ஆள் யார்?

1946 ஜனவரி 14 அன்று நாட்டிங்ஹாமில் ஓர் உழைக்கும் குடும்பத்தில் பிறந்தார் ஷிப்மேன். 17 வயதில் தாயை நுரையீரல் புற்றுநோய்க்குப் பறிகொடுத்தார். கடைசி நாட்களில் டாக்டர் வீட்டுக்கு வந்து அம்மாவுக்கு மார்ஃபின் ஊசி போடுவதை அருகிலிருந்து பார்த்தவர். பின்னாளில் அவர் கொன்ற விதத்துக்கும் இந்தக் காட்சிக்கும் முடிச்சுப் போடாத கட்டுரையே இல்லை எனலாம். கேட்கப் பொருத்தமாகத்தான் இருக்கிறது. ஆனால், தாய்க்கு மார்ஃபின் போட்டதைப் பார்த்த பிள்ளைகள் உலகில் எத்தனையோ ஆயிரம் பேர். அதை வைத்து ஒன்றையும் விளக்கிவிட முடியாது.

லீட்ஸில் மருத்துவம் படித்து 1970-ல் பட்டம் பெற்றார். 1974-ல் டாட்மோர்டன் என்ற ஊரில் ஜி.பி. ஆனார். அடுத்த ஆண்டே பிடிபட்டார், ஆனால் கொலைக்காக அல்ல. பெத்தடின் என்ற வலிநிவாரணிக்கு அடிமையாகி, நோயாளிகள் பெயரில் போலிச் சீட்டு எழுதி மருந்தை வாங்கித் தனக்கே ஊசி போட்டுக்கொண்டிருந்தார். 1976-ல் நீதிமன்றம் 600 பவுண்டு அபராதம் விதித்தது. டாக்டர்களின் உரிமத்தைக் கையில் வைத்திருக்கும் ஜெனரல் மெடிக்கல் கவுன்சில் ஓர் எச்சரிக்கைக் கடிதத்தோடு விட்டுவிட்டது. சிகிச்சை எடுத்துக்கொண்டு, 1977-ல் ஹைட் ஊரில் ஒரு கூட்டு மருத்துவமனையில் வேலைக்குச் சேர்ந்தார்.

ஹைட்டில் அவருக்குக் கிடைத்த பெயர் சாதாரணமானதல்ல. பொறுமையாகக் கேட்பார், வீட்டுக்கு வருவார், பழைய காலத்து டாக்டர் மாதிரி என்று வயதானவர்கள் கொண்டாடினார்கள். 1992-ல் கூட்டு மருத்துவமனையை விட்டுப் பிரிந்து, பிறகு மார்க்கெட் தெருவில் தனியாகவே நடத்தினார். நோயாளிகள் ஏறக்குறைய 3,000 பேர். தனி மருத்துவமனை என்பதைக் கவனியுங்கள். பக்கத்து அறையில் இன்னொரு டாக்டர் கிடையாது. குறிப்புகளைப் புரட்டிப் பார்க்க ஆளில்லை.

## ஒரு மரணம் மூன்று கதவுகளைக் கடந்த கதை

ஷிப்மேனின் முறை ஏறக்குறைய மாறவே இல்லை. தனியாக வாழும் வயதான பெண். மதிய நேரத்தில் வீட்டுக்குப் போவார். ரத்தம் எடுக்க வேண்டும், ஊசி போட வேண்டும் என்பார். அளவுக்கு மீறிய டயமார்ஃபின் செலுத்துவார். சில நிமிடங்களில் மூச்சு நின்றுவிடும். அதன்பின் அந்த மரணம் மூன்று கதவுகளைத் தாண்டியாக வேண்டும். மூன்றும் எப்படித் திறந்தன என்பதுதான் வழக்கின் மையம்.

1. இறப்புச் சான்றிதழ். கடைசி நோயில் பார்த்துக்கொண்ட டாக்டர், காரணம் தனக்குத் தெரியும் என்று நம்பினால் தானே எழுதிக் கொடுக்கலாம். கரோனருக்குச் சொல்ல வேண்டியதில்லை. பதிவாளர் அந்தத் தாளைப் பார்த்துப் பதிந்துகொள்வார். சட்டத்தின் பார்வையில் இதில் பிழை இல்லை. 90 வயதுப் பாட்டி தூக்கத்தில் இறந்தால் உடலை அறுத்துப் பார்க்க யாரும் விரும்புவதில்லை. ஆனால் இதன் அர்த்தத்தை யோசித்துப் பாருங்கள். ஒரு மரணத்தை விசாரிக்கலாமா வேண்டாமா என்று முடிவு செய்பவரும், அந்த நேரத்தில் அருகில் இருந்தவரும் ஒரே ஆள். ஷிப்மேன் மாரடைப்பு என்றோ பக்கவாதம் என்றோ முதுமை என்றோ எழுதினார். பிரேதப் பரிசோதனை வேண்டுமா என்று தயங்கிய பிள்ளைகளிடம், "அம்மாவை ஏன் சிரமப்படுத்த வேண்டும்" என்ற தோரணையில் பேசித் தடுத்தார். சில வீடுகளில் உறவினர்கள் கண்முன்னே ஆம்புலன்ஸுக்குப் போன் செய்வது போல் நடித்து, பிறகு "இனி தேவையில்லை" என்று அதை ரத்து செய்வது போலவும் நடித்தார். தொலைபேசிப் பதிவுகளைப் பின்னர் எடுத்துப் பார்த்தபோது அப்படி ஓர் அழைப்பே போகவில்லை.

2. தகனத்துக்கான இரண்டாவது கையெழுத்து. பிரிட்டனில் அன்றே பத்தில் ஏழு பேரை எரியூட்டினார்கள். எரித்துவிட்டால் தடயம் போய்விடும் என்பதால் சட்டம் கூடுதல் காவல் போட்டிருந்தது. சிகிச்சை பார்த்த டாக்டர் ஒரு படிவம் நிரப்ப வேண்டும். அவரோடு தொடர்பில்லாத, ஐந்து ஆண்டாவது அனுபவமுள்ள இன்னொரு டாக்டர் உடலைப் பார்த்து, முதல் டாக்டரிடம் பேசி, தானும் கையெழுத்திட வேண்டும். அதற்கும் மேலே தகனசாலையின் மருத்துவ அதிகாரி ஒருவர் தாள்களைச் சரிபார்க்க வேண்டும். எண்ணிப் பார்த்தால் மூன்று டாக்டர்கள். நடைமுறையில் இரண்டாவது டாக்டர் கேட்டது முதல் டாக்டரிடம் மட்டும். குடும்பத்தாரிடமோ, உடலை முதலில் கண்ட பக்கத்து வீட்டுக்காரரிடமோ பேச வேண்டிய கட்டாயம் இல்லை. டயமார்ஃபினால் இறந்தவரின் உடலை வெளியிலிருந்து பார்த்தால் அமைதியாகத் தூங்கியது போலத்தான் இருக்கும். ஆக, மூன்று கையெழுத்தும் ஷிப்மேன் சொன்ன ஒரே கதையின் மீதுதான் நின்றன. கையெழுத்துக்கு டாக்டர்கள் கட்டணமும் வாங்கினார்கள். ஒரு வழக்கமான சடங்காகிப் போன சோதனையில் வேறென்ன எதிர்பார்க்க முடியும்?

3. மருந்து. கட்டுப்பாட்டு மருந்தை வைத்திருக்கும் டாக்டர் தனிப் பதிவேடு வைத்துக் கணக்குக் காட்ட வேண்டும். பெத்தடின் வழக்குக்குப் பிறகு, தான் அப்படிப்பட்ட மருந்துகளை வைத்துக்கொள்வதே இல்லை என்று ஷிப்மேன் சொல்லிவிட்டார். வைத்துக்கொள்ளாதவருக்குப் பதிவேடு எதற்கு? பதிவேடு இல்லாதவரிடம் சோதனையும் இல்லை. உண்மையில் அவர் புற்றுநோயாளிகள் பெயரில் தேவைக்கு மேல் எழுதி, மருந்துக்கடையில் தானே போய் வாங்கினார். நோயாளி இறந்தபின் வீட்டில் மிஞ்சிய மருந்தை அப்புறப்படுத்துவதாகச் சொல்லி எடுத்து வைத்துக்கொண்டார். ஒருமுறை போதை மருந்துக்காகத் தண்டனை பெற்றவர் என்பது ஹைட்டில் பெரும்பாலோருக்குத் தெரியாது.

இந்த மூன்றிலும் அபாரமான தந்திரம் எதுவும் இல்லை. ஒரு டாக்டர் பொய் சொல்லமாட்டார் என்ற எண்ணத்தின் மீது கட்டிய கட்டடம் அது. அவர் அந்த எண்ணத்தைப் பயன்படுத்திக்கொண்டார், அவ்வளவுதான்.

## கவனித்தவர்கள் இருந்தார்கள்

ஹைட்டில் ஒருவருமே சந்தேகப்படவில்லை என்பது தவறு. கவனித்தவர்கள் பெரும்பாலும் அதிகாரத்தில் இல்லாதவர்கள்.

ஊரில் வயதான பெண்களைக் கடைக்கும் கோயிலுக்கும் ஏற்றிச் செல்லும் டாக்ஸி ஓட்டுநர் ஒருவர், தன் வாடிக்கையாளர்கள் ஒவ்வொருவராக இறப்பதைப் பார்த்து அவர்கள் பெயரைக் குறித்து வைக்கத் தொடங்கினார். நேற்றுவரை நன்றாக இருந்தவர்கள். எல்லாருக்கும் ஒரே டாக்டர். பட்டியலில் 21 பெயர் சேர்ந்தது. ஊரே மதிக்கும் டாக்டரைப் பற்றி ஒரு டாக்ஸிக்காரர் சொன்னால் யார் நம்புவார்கள் என்ற தயக்கத்தில் அவர் போலீசிடம் போனது 1998 ஆகஸ்டில்தான்.

இறுதிச் சடங்கு நிறுவனத்தாருக்கு வேறொன்று உறுத்தியது. நோயில் இறந்தவர்கள் பொதுவாகப் படுக்கையில், இரவு உடையில் இருப்பார்கள். ஷிப்மேனின் நோயாளிகள் வெளியே கிளம்பும் உடையோடு நாற்காலியில் உட்கார்ந்தபடி இருந்தார்கள். பக்கத்தில் மருந்துப் புட்டிகூட இருக்காது. அந்த நிறுவனத்தின் உரிமையாளர் நேரே ஷிப்மேனிடமே போய்க் கேட்டார். அவர் பதறவில்லை, சான்றிதழ்ப் புத்தகத்தை எடுத்துக் காட்டினார். வந்தவர் நிம்மதியோடு திரும்பினார். ஆனால் அவருடைய மகளுக்கு மனம் ஆறவில்லை.

அந்த மகளின் கவலையும், தெருவுக்கு அந்தப் பக்கம் இருந்த புரூக் சர்ஜரி என்ற இன்னொரு ஜி.பி. மருத்துவமனை டாக்டர்களின் கவலையும் ஒன்று சேர்ந்தன. ஷிப்மேனின் தகனப் படிவங்களில் இரண்டாவது கையெழுத்துப் போட்டுவந்தவர்கள் இந்த டாக்டர்கள்தான். அவர்களிடம் நோயாளிகள் ஏறத்தாழ மூன்று மடங்கு; இறப்போ ஷிப்மேனிடம்தான் கூடுதல். 1998 மார்ச்சில் அங்கிருந்த டாக்டர் லிண்டா ரெனால்ட்ஸ், கரோனர் ஜான் பொலார்டிடம் இதைச் சொன்னார். சக டாக்டரைக் கொலைகாரர் என்று சந்தேகிப்பதாக ஒரு டாக்டர் சொல்வதற்கு எவ்வளவு துணிச்சல் வேண்டும் என்பதை விளக்கத் தேவையில்லை.

போலீஸ் விசாரித்தது, ரகசியமாக. ஆனால் ஷிப்மேனுக்குப் பழைய தண்டனை உண்டா என்று பார்க்கவில்லை. மெடிக்கல் கவுன்சிலிடம் கேட்கவில்லை. இறந்தவர்களின் குடும்பத்தாரிடம் பேசவில்லை. கிடைத்த சான்றிதழ்களின் எண்ணிக்கையும் முழுமையாக இல்லை. அதனால் இறப்பு விகிதம் வழக்கமாகவே தெரிந்தது. மருத்துவக் குறிப்புகளை ஒரு டாக்டர் படித்துப் பார்த்து, சான்றிதழோடு பொருந்துகிறது என்றார். பொருந்தாமல் எப்படி இருக்கும்? இரண்டையும் எழுதியவர் ஒருவரே. ஏப்ரல் 17 அன்று விசாரணையை மூடினார்கள். அதற்குப் பிறகு மேலும் மூன்று பெண்களை அவர் கொன்றார். இந்த வழக்கில் எனக்கு மிகவும் கனமாக இருப்பது இந்த மூன்று உயிர்கள்தான்.

## உயில்

மூவரில் கடைசியானவர் 81 வயது கேத்லீன் கிரண்டி. வசதியானவர், ஊர்ப் பொதுக் காரியங்களில் ஓடியாடி வேலை செய்தவர். 1998 ஜூன் 24 அன்று முதியோருக்கான மதிய உணவுக்கு உதவப் போக வேண்டியவர் வரவில்லை. தேடிப் போனவர்கள், முழு உடையோடு சோபாவில் உறங்குவது போல் கிடந்தவரைக் கண்டார்கள். காலையில் ஷிப்மேன் வந்திருந்தார். முதுமை பற்றிய ஓர் ஆய்வுக்கு ரத்தம் எடுக்க என்று சொல்லி. சான்றிதழில் அவர் எழுதிய காரணம்: முதுமை.

அதே நாளில் ஹைட்டில் ஒரு வழக்கறிஞர் அலுவலகத்துக்குத் தபாலில் உயில் ஒன்று வந்து சேர்ந்தது. கிரண்டி அம்மையார் தன் சொத்து முழுவதையும், ஏறக்குறைய 3,86,000 பவுண்டு, தன் டாக்டருக்கே கொடுப்பதாக அதில் இருந்தது. பிள்ளை பேரன்களுக்கு ஒரு பென்னி இல்லை. ஷிப்மேன் அறியாத ஒன்று, அல்லது அறிந்தும் அலட்சியம் செய்த ஒன்று: கிரண்டியின் மகளே வழக்கறிஞர். அம்மாவின் சட்ட விவகாரங்களைப் பார்த்துவந்தவர் அவர்தான். அந்த உயிலைக் கையில் வாங்கியதும் அவருக்கு முதலில் உறுத்தியது தொகை அல்ல, தட்டச்சு. எழுத்துகள் ஏறியும் இறங்கியும், பிழையோடு, அசிங்கமாக அடிக்கப்பட்டிருந்தன. எதிலும் ஒழுங்கு பார்க்கும் தன் தாய் இப்படி ஒரு தாளில் கையெழுத்தே போட்டிருக்க மாட்டார் என்று அவருக்குத் தெரியும்.

போலீஸ் இந்த முறை தீவிரமாக இறங்கியது. உயிலில் சாட்சிக் கையெழுத்துப் போட்ட இருவரும் ஷிப்மேனின் மருத்துவமனைக் காத்திருப்பு அறையில் உட்கார்ந்திருந்த நோயாளிகள். மடித்த தாளை நீட்டி ஒரு கையெழுத்துக் கேட்டார், போட்டுக் கொடுத்தார்கள். உயிலின் ஓரத்தில் ஷிப்மேனின் விரல் ரேகை. அதை அடித்த பிரதர் டைப்ரைட்டர் அவரிடமே கிடைத்தது. கிரண்டி அவ்வப்போது இரவல் வாங்குவார் என்றார். ஆகஸ்ட் 1 அன்று கிரண்டியின் உடலைத் தோண்டி எடுத்துச் சோதித்ததில் மார்ஃபின் இருந்தது. செப்டம்பர் 7 அன்று கைது.

தன் பக்கத்துக்கு ஷிப்மேன் கம்ப்யூட்டரை நம்பியிருந்தார். நோயாளி இறந்தபின், அவருக்கு வெகு நாட்களாக இதயக் கோளாறு இருந்தது போல் பழைய தேதி போட்டுக் குறிப்புகளைச் சேர்த்துவைப்பது அவர் வழக்கம். 1998 மே மாதம் இறந்த 73 வயதுப் பெண்மணியின் குறிப்பில், முந்தைய ஆண்டு ஆகஸ்டிலேயே நெஞ்சுவலி என்று இருந்தது. ஆனால் ஒவ்வொரு பதிவையும் எந்த நாளில், எத்தனை மணிக்கு அடித்தார்கள் என்பதை மென்பொருள் தனியே குறித்து வைத்துக்கொண்டிருந்தது. அந்த நெஞ்சுவலி கம்ப்யூட்டரில் ஏறியது அவர் இறந்த அதே பிற்பகலில். போலீஸ் விசாரணையில் இதை முன்னால் வைத்தபோது, அப்படிப் பதிந்ததாக நினைவில்லை என்பதுதான் பதிலாக வந்தது.

## 15, 215, 250: எது சரியான எண்?

ஷிப்மேன் பற்றிய செய்திகளில் வெவ்வேறு எண்ணிக்கை வருவது பலரையும் குழப்பும். ஒவ்வொன்றும் ஒவ்வொரு கேள்விக்கான விடை.

- 15 என்பது நீதிமன்றத்தில் நிரூபணமான கொலைகள். 1995 முதல் 1998 வரை இறந்த 15 பெண்கள். 9 பேரின் உடல்கள் தோண்டி எடுக்கப்பட்டவை. 6 பேர் எரியூட்டப்பட்டவர்கள், அவர்கள் விஷயத்தில் கம்ப்யூட்டர் பதிவும் போன் பதிவும் சாட்சிகளும்தான் ஆதாரம். பிரெஸ்டன் நீதிமன்றம் 2000 ஜனவரி 31 அன்று ஆயுள் தண்டனை விதித்தது.
- 215 என்பது நீதிபதி டேம் ஜேனட் ஸ்மித் நடத்திய பொது விசாரணையின் முதல் அறிக்கை, 2002 ஜூலையில், பெயர் பெயராக உறுதி செய்த கொலைகள். 171 பெண்கள், 44 ஆண்கள். மேலும் 45 பேர் விஷயத்தில் வலுவான சந்தேகம்.
- 250 என்பது 2005-ல் வந்த கடைசி அறிக்கைக்குப் பிறகு நிலைத்த மொத்த மதிப்பீடு.

215 பேரில் ஒருவர் டாட்மோர்டனில், 71 பேர் கூட்டு மருத்துவமனைக் காலத்தில், 143 பேர் தனி மருத்துவமனையில் ஆறே ஆண்டுக்குள். 1997-ல் மட்டும் 37 பேர். ஏன் கொன்றார் என்பதற்கு விசாரணையால் பதில் காண முடியவில்லை. பணம் என்றால், உயில் மோசடி ஒரே ஒரு வழக்கில்தான். அவர் 2004 ஜனவரி 13 அன்று, 58-வது பிறந்தநாளுக்கு முந்தைய நாள், வேக்ஃபீல்ட் சிறையில் தூக்கிட்டு இறந்துபோனார். குடும்பங்களுக்கு விளக்கம் கிடைக்காமலே போனது.

## புள்ளிவிவரம் முன்பே சொல்லியிருக்குமா?

பேராசிரியர் ரிச்சர்ட் பேக்கர் பிரிட்டன் சுகாதாரத் துறைக்காக 2001-ல் ஓர் ஆய்வு செய்தார். அதே பகுதியில், அதே மாதிரியான நோயாளிகளைக் கொண்ட மற்ற ஜி.பி.க்களோடு ஷிப்மேனை ஒப்பிட்டார். நோயாளிகளின் வீட்டிலோ ஷிப்மேனின் மருத்துவமனையிலோ நடந்தவற்றில் 236 மிகை மரணங்கள் வந்தன. மிகை மரணம் என்றால், வழக்கமாக எதிர்பார்க்கும் எண்ணிக்கைக்கு மேல் வந்தவை. நீதிபதி ஒவ்வொரு கோப்பாகப் படித்து எட்டிய எண்ணுக்கு இது எவ்வளவு பக்கம் என்று பாருங்கள். இன்னொரு கணக்கு இதைவிட எளியது. மற்ற டாக்டர்களின் நோயாளிகள் 24 மணி நேரத்தில் எப்போது வேண்டுமானாலும் இறந்தார்கள். ஷிப்மேனின் நோயாளிகள் பிற்பகல் இரண்டு மணியை ஒட்டிக் குவியலாக இறந்தார்கள். அது அவர் வீடு வீடாகப் போகும் நேரம்.

டேவிட் ஸ்பீகல்ஹால்டர் என்ற புள்ளியியலாளரின் குழு வேறு கேள்வி கேட்டது: ஒவ்வொரு டாக்டரின் இறப்பு எண்ணிக்கையையும் தொடர்ந்து கண்காணித்திருந்தால் எப்போது மணி அடித்திருக்கும்? 1984 வாக்கிலேயே என்பது விடை. அதற்குப் பின் இறந்தவர்கள் 170-க்கும் மேல்.

அப்படியானால் எல்லா டாக்டர்களையும் இப்படிக் கண்காணிக்கலாமே என்று தோன்றும். இங்கேதான் நிதானம் வேண்டும்.

1. ஆயிரத்தில் ஒன்று என்ற அளவுக்கு அரிதான விலகல் வந்தால் மணி அடிக்கட்டும் என்று வைப்போம். 30,000 டாக்டர்கள் இருந்தால், ஒருவர்கூடக் குற்றவாளி இல்லாதபோதும் தற்செயலாகவே 30 பேருக்கு மணி அடிக்கும்.
2. எண்ணிக்கைக்கு நல்ல காரணம் இருக்கலாம். இந்தக் கணக்கைச் சோதனையாகப் போட்டுப் பார்த்தபோது வேறொரு டாக்டரின் பெயரும் மேலே வந்தது. விசாரித்தால், தென்கடற்கரையில் ஓய்வுபெற்ற முதியோர் நிறைந்த ஊர். கடைசி நாட்களை ஆஸ்பத்திரியில் கழிக்காமல் வீட்டிலேயே நிம்மதியாக இறக்க நோயாளிகளுக்கு உதவிய நல்ல டாக்டர் அவர்.
3. கணக்கையே தீர்ப்பாக்கினால் நிரபராதி சிறைக்குப் போவார். நெதர்லாந்தில் லூசியா டி பெர்க் என்ற நர்ஸ் பணியில் இருந்தபோதெல்லாம் மரணங்கள் நிகழ்ந்தன என்றும், அது தற்செயலாக நடக்க 34 கோடியே 20 லட்சத்தில் ஒரு வாய்ப்புத்தான் என்றும் வாதிட்டு, 2003-ல் ஆயுள் தண்டனை வாங்கிக் கொடுத்தார்கள். கணக்குப் போட்ட விதமே தவறு என்று வல்லுநர்கள் போராடினார்கள். 2010-ல் அவர் குற்றமற்றவர் என்று விடுதலையானார்.

குழந்தைகளைக் கொன்றதாக 2023 ஆகஸ்டில் தண்டனை பெற்ற பிரிட்டன் நர்ஸ் லூசி லெட்பியைச் சுற்றி இன்று நடக்கும் வாக்குவாதத்திலும் இந்தக் கேள்வி ஒரு பகுதி. அந்த வழக்குக்குள் இங்கே நுழையவில்லை. ஷிப்மேன் வழக்கோடு யாராவது அதை ஒப்பிட்டால் ஒன்றை மட்டும் நினைவில் வையுங்கள்: ஷிப்மேனைத் தண்டித்தது புள்ளிவிவரம் அல்ல. உடலில் இருந்த மார்ஃபின், கம்ப்யூட்டரில் இருந்த நேரம், உயிலில் இருந்த ரேகை. கணக்கு தீர்ப்புக்குப் பிறகுதான் வந்தது.

## என்ன மாறியது, எவ்வளவு தாமதமாக

மருந்துக் கட்டுப்பாடு முதலில் இறுகியது. 2006-ல் வந்த சட்டம், ஒவ்வொரு சுகாதார அமைப்பிலும் கட்டுப்பாட்டு மருந்துகளுக்குப் பொறுப்பான அதிகாரி ஒருவர் வேண்டும் என்றது. நோயாளிகளைக் காக்காமல் டாக்டர்களைக் காத்த அமைப்பு என்று ஜேனட் ஸ்மித்தின் கடுமையான விமர்சனத்துக்கு ஆளான மெடிக்கல் கவுன்சிலும் மாறியது. 2012 டிசம்பர் முதல், உரிமம் வைத்திருக்கும் டாக்டர்கள் குறிப்பிட்ட காலத்துக்கு ஒருமுறை தங்கள் தகுதியை மறுபடி நிரூபிக்க வேண்டும்.

இறப்புச் சான்றிதழ்தான் கடைசியில் மாறியது. சுயேச்சையான ஒருவர் சரிபார்க்க வேண்டும் என்ற பரிந்துரை 2003-ல் வந்தது. 2009-ல் சட்டம் இயற்றினார்கள். ஆஸ்பத்திரிகளில் 2019-ல் தொடங்கினார்கள். எல்லா மரணங்களுக்கும் கட்டாயம் என்று ஆனது 2024 செப்டம்பர் 9 அன்று. நடுவில், கொரோனா காலத்தில் தகனத்துக்கான இரண்டாவது கையெழுத்தை நிறுத்தி, 2022-ல் ஒரேயடியாக எடுத்துவிட்டார்கள். பரிந்துரைக்கும் அமலுக்கும் இடையில் 21 ஆண்டு! 250 பேர் இறந்த பிறகும் இவ்வளவு நிதானமா என்று கோபம் வருவதில் தவறில்லை.

இப்போதைய முறையில் டாக்டர் தான் நினைக்கும் காரணத்தை எழுதி, அந்தச் சிகிச்சையில் சம்பந்தப்படாத மருத்துவப் பரிசோதகர் ஒருவருக்கு அனுப்புகிறார். அவர் குறிப்புகளைப் படிக்கிறார், டாக்டரிடம் பேசுகிறார், குடும்பத்திடம் பேசுகிறார். திருப்தியானால் பதிவாளருக்குப் போகும், இல்லையென்றால் கரோனருக்கு. கரோனர் ஏற்கெனவே எடுத்துக்கொண்ட மரணங்கள் இந்த வழியில் வருவதில்லை.

## ஷிப்மேனை இது பிடித்திருக்குமா?

முதல் கொலையிலேயே என்று சொல்ல முடியாது. பரிசோதகர் படிப்பது டாக்டர் எழுதிய குறிப்பைத்தான். ஷிப்மேன் குறிப்பையே திரித்தவர். 1998 ஏப்ரலில் போலீஸ் ஏமாந்ததும் அங்கேதான். ஆனால் இரண்டு விஷயம் அவருக்கு எதிராக வேலை செய்திருக்கும். முதலாவது, ஒரே அலுவலகத்துக்கு ஒரே டாக்டரிடமிருந்து வரும் தாள்கள். ஓராண்டில் 37 கொலைகள் ஒரே மேஜையைக் கடந்திருக்க வேண்டும். இரண்டாவது, குடும்பத்தோடு பேச்சு. "நெஞ்சுவலி எத்தனை நாளாக இருந்தது?" என்று ஒரு மகளிடம் கேட்டிருந்தால், "அம்மாவுக்கு நெஞ்சுவலியா? எனக்குத் தெரியாதே" என்ற பதில் வந்திருக்கும். பழைய முறையில் அந்த மகளிடம் கேட்க யாருக்கும் கடமை இல்லை.

ஆகவே, அந்தப் போன் வரும்போது கவனிக்க வேண்டியவை சில. பேசுபவர் பரிசோதகராக இல்லாமல் அவருடைய அலுவலர் ஒருவராக இருக்கலாம். இதற்குக் கட்டணம் இல்லை. சான்றிதழில் எழுதியிருக்கும் காரணம் புரியவில்லை என்றால் எளிய ஆங்கிலத்தில் சொல்லச் சொல்லுங்கள். வீட்டில் ஆங்கிலம் நன்றாகப் பேசுபவரிடம் போனைக் கொடுப்பதிலும் தவறில்லை. குறை இல்லை என்றால் இல்லை என்று சொன்னால் போதும். கடைசி நாட்களில் கொடுத்த மருந்து, திடீரென்று மாறிய உடல்நிலை என்று மனத்தில் ஏதாவது அரித்துக்கொண்டிருந்தால், டாக்டரைத் தப்பாகச் சொல்வதாகிவிடுமோ என்று தயங்காமல் அப்போதே சொல்லுங்கள். சமயச் சடங்குக்காக உடலைச் சீக்கிரம் பெற வேண்டும் என்றால் அதையும் அந்த முதல் பேச்சிலேயே கேளுங்கள். பரிசோதகரிடமிருந்து சான்றிதழ் பதிவாளருக்குப் போனபிறகு, பதிவு செய்ய உங்களுக்கு ஐந்து நாள் இருக்கிறது.